அட்ஜஸ்ட்மென்ட் பிரிவு, அறை எண் ஒன்பது

ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நம் வீட்டுக்குள் நுழைந்து, சமையலறைவரை போய் உட்கார்ந்துகொண்ட சொல் 'அட்ஜஸ்ட்'. மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவதாக வந்து இடிக்கிறவர் சொல்வார். தைத்த சட்டை தோளில் இறங்கினால் டெய்லர் சொல்வார். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் பெற்ற தாயே சொல்வாள். கதவு சரியாகச் சாத்தாவிட்டால், 'லேசாத் தூக்கி, இடுப்பால ஒரு தள்ளுத் தள்ளி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று தச்சர் சொல்லிவிட்டுப் போவார். திருகாணியைத் திருகினாலும் அட்ஜஸ்ட், வாயை மூடிக்கொண்டு கிடந்தாலும் அட்ஜஸ்ட். அகராதிக்காரர்கள் இதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரையில் இந்தச் சொல்லைச் சொல்கிற ஆள் ஒருநாளும் அட்ஜஸ்ட் பண்ணியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவன்தான் பண்ணியாக வேண்டும்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலை எனக்கு. மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று யாராவது புலம்பினால், 'கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று நானே எத்தனையோ வாசல்களில் சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் எங்கள் குடும்பத்துக்கு வந்து விடிந்ததோ என்னவோ.

என் அக்கா வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று நாற்காலி போட்ட ஒரு சலூனில் இரண்டாவது நாற்காலி அவருடையது. சொந்தம் இல்லை, ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அதற்குப் பின்னால் வேறு யாரும் நின்றதில்லை. ஒருநாள் காலையில் கடைக்கு எதிரே, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த லாரி அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த கடைக்காரர் மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூணு மாசம். அதுக்குள்ள கால் வெச்சுக்கிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் அந்தச் சேருக்குப் பின்னாடி வேற ஆளை நிக்க விடமாட்டேன்" என்றார். நல்ல மனுஷன். மூன்று மாதத்துக்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. ஊன்றுகோலோடு நின்று முடி வெட்டவும் முடியாது, அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அப்போது எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். தொண்ணூறு நாள், ஒரு கால்.

செயற்கை உறுப்பு நிலையத்தில் இலவசமாகவே கால் கொடுக்கிறார்கள். வெளியில் வாங்குவதென்றால் மாமாவின் இரண்டு வருஷச் சம்பளம் போய்விடும். அளவு எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஐந்து வாரத்தில் ஒரு சாக்குப் பையில் எண் கட்டிக் கால் வந்தது. தோல் வாரும், மிச்சக் காலைச் செருகிக்கொள்கிற குழியும் எல்லாம் கச்சிதமாக இருந்தன. கீழே ரப்பர் பாதம், விரல்களெல்லாம் அச்சில் வார்த்து, நகம்கூட வைத்திருந்தார்கள். மாமா மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கீழே பார்த்தவள், "ஏங்க, கட்டைவிரல் ஏன் வெளிப்பக்கம் இருக்கு?" என்றாள்.

இருந்தது. இடது காலுக்கு வலது பாதம் வந்திருந்தது.

மறுநாள் ரீடிங்கை அப்படியே போட்டுவிட்டு மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வந்த காலில் ஏதாவது குறை இருந்தால் அறை எண் ஒன்பதுக்குப் போகவேண்டும். வாசலில் பலகை. 'இங்கு அட்ஜஸ்ட் செய்து தரப்படும்' என்று எப்போதோ எழுதியிருந்ததை, 'தரப்படும்' மேல் மட்டும் பெயின்ட் அடித்து, 'அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்' என்று திருத்தியிருந்தார்கள். உள்ளே எட்டு மேசை. ஒரு காலத்தில் இங்கே நாலு மெக்கானிக்குகள் இருந்தார்களாம். இப்போது ஒரே ஒரு பட்டறைக்காரர், பின்கட்டில். மற்ற எல்லாரும் ஆலோசகர்கள்.

பிரிவுத் தலைவி ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பதிவேட்டைப் பிரித்தார்.

"வலதுன்னு இருக்கு. வலது குடுத்திருக்கோம். இதுல என்ன குறை?"

"எனக்குப் போனது இடதும்மா" என்றார் மாமா.

"பதிவேட்டுல வலது."

மாமா பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாள் குனியவே இல்லை. "இங்க பாருங்க, நான் காலைப் பாத்து வேலை செய்யறதில்ல. தினம் முப்பது நாப்பது கால் வருது. ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டிருந்தா பதிவேட்டை யார் பாக்கறது?" என்று மிகப் பொறுமையாகச் சொன்னார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அளவு எடுத்தவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கூப்பிட்டார்கள். கழுத்தில் டேப் தொங்க ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தொழிலில் கறாரான ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மாமாவுக்கு நேர் எதிரே வந்து நின்று, இல்லாத காலைச் சுட்டிக்காட்டி, "என் வலது கைப்பக்கம் இருக்கு. வலதுன்னு எழுதியிருக்கேன். சரியாத்தானே இருக்கு?" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. "அது உங்க வலது சார். அவருக்கு இடது."

"தம்பி, அளவு எடுக்கறது நான். நான் நிக்கிற பக்கத்துல இருந்துதான் பாக்க முடியும். முப்பத்திரண்டு வருஷமா அப்படித்தான் பாக்கறேன். உங்க பக்கம் வந்து நின்னு பாத்தா, அப்புறம் நீங்க சொல்றதெல்லாம் சரியாத் தெரிய ஆரம்பிச்சிடும். அது நடுநிலை ஆகாது."

முப்பத்திரண்டு வருஷம் என்றதும் வேகமாக வெளியே வந்தேன். அறைக்கு வெளியே, நீளமான பெஞ்சுகளில் முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுப் பாதங்களைப் பார்த்தேன். செருப்பு போட்டவர்கள், போடாதவர்கள், பேன்ட், சேலை. வரிசையாக எல்லாக் கட்டைவிரல்களும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. இடது போனவர்களுக்கு வலது, வலது போனவர்களுக்கு இடது. ஒருவர் பாக்கி இல்லை.

பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மெல்லக் கேட்டேன். அவருக்குப் பத்து வருஷப் பழக்கம். "கம்ப்ளெயின்ட்டா? எதுக்குப்பா? இலவசமாக் குடுக்கறாங்க. மொதல்ல கொஞ்சம் புண்ணாகும். அப்புறம் வலி தெரியாது" என்றார். ஷூ வாங்குவதுதான் சிரமமாம். இரண்டு ஜோடி வாங்கினால்தான் இரண்டு வலது தேறும்.

நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதிலாக மாமாவை எட்டு நாள் அட்ஜஸ்ட்மென்ட் பயிற்சியில் சேர்த்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'அட்ஜஸ்ட் ஆகவேண்டியது: (அ) உறுப்பு (ஆ) பயனாளி.' 'ஆ'வுக்கு நேரே ஏற்கனவே அச்சிலேயே டிக் போட்டிருந்தார்கள். முதல் நாள், எப்படி உட்கார்ந்தால் பாதம் கண்ணில் படாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள், கீழே பார்க்காமல் நடப்பது. மூன்றாம் நாள், உடம்பை லேசாகக் கோணலாகத் திருப்பி நடந்தால் கோணலான பாதம் நேராகிவிடும் என்றார்கள். அப்படி நடந்தால் மாமா போகிற இடத்துக்குப் போகாமல் பக்கத்துச் சுவருக்குப் போனார். நாலாம் நாள், அந்தச் சுவருக்குப் போவதையே லட்சியமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஓர் ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினார். இது நான் கட்டிச் சொல்வது இல்லை, நோட்டில் எழுதச் சொன்னார், மாமா எழுதி வைத்திருக்கிறார்.

முடிதிருத்துகிறவர் ஒரு தலைக்கு எத்தனை தடவை நாற்காலியைச் சுற்றுகிறார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. பின்னங்கழுத்து, இடது காது, முன்நெற்றி, வலது காது, மறுபடி பின்னால். ஒவ்வொரு தடவையும் ஊன்றித் திரும்ப வேண்டும். வீட்டில் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து மாமா ஒத்திகை பார்த்தார். மூன்றாவது சுற்றில் பாதம் நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வாரை அவிழ்த்தால் மிச்சக் கால் தோல் உரிந்து சிவந்திருக்கும். அக்கா மருந்து போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் அழுவாள். காலண்டரில் ஐம்பத்தெட்டு நாள் கிழிந்துவிட்டது.

ஆறாம் நாள் பயிற்சியில்தான் தபால்காரர் மாட்டினார். வலது கால் போனவர், அதனால் அவருக்கு இடது பாதம். மாமா வயது, மாமா உயரம். டீ வாங்கிக்கொண்டு மூன்று பேரும் மரத்தடியில் நின்றோம். தபால்காரர் மாமாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது உங்ககிட்ட இருக்கு" என்றார்.

மாமா குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தார். "என்னோடது உங்ககிட்ட இருக்கு."

பின்கட்டுப் பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கதவைச் சாத்தினார். "ஒரே ஒரு போல்ட்டு. பத்து நிமிஷ வேலை. ஸ்பேனரை இங்க வெச்சிட்டு நான் டீ குடிக்கப் போறேன். நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிலையத்தில் எதையும் பார்க்காத ஒருவரால் எங்களுக்கு நல்லது நடந்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாமா எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. பட்டறையின் அந்தக் கோடிவரை போனார், திரும்பினார், வந்தார். தபால்காரர் எதிர்ப்பக்கம் போய் வந்தார். நடுவில் இருவரும் மோதிக்கொள்ளப் பார்த்து, தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லாரி வந்த நாளுக்குப் பிறகு மாமா சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை மாமா சலூனுக்குப் போனார். நாற்காலியை ஒரு முறை சுழற்றிப் பார்த்து, துண்டை உதறினார். முதல் தலை என்னுடையதுதான். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காதிலிருந்து வலது காதுக்குப் போகும்போது சர்வசாதாரணமாகத் திரும்பினார். "தலையை ஆட்டாத மாப்ள" என்று பழையபடி மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். கடைக்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார். அன்றைக்குப் பதினோரு தலை. மறுநாள் பதினாலு. ராத்திரி அக்கா மருந்து டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்து மூடினாள்.

நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் வருடாந்திரச் சரிபார்ப்பு. வீட்டுக்கே வந்தார்கள். பாதத்தின் அடியில் ஓர் எண் அச்சடித்திருக்கும், அதைப் பதிவேட்டோடு ஒப்பிடுவது வழக்கமாம். அதுவரை ஒரு காலையும் குனிந்து பார்த்தறியாதவர்கள், அன்றைக்குத் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எண் ஒத்துப்போகவில்லை.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. மாமாவும் தபால்காரரும் நின்றார்கள். நான் உறவினர் என்ற முறையில் பின்னால் நின்றேன். பட்டறைக்காரர் எங்கேயோ விடுப்பில் போயிருந்தார். இயக்குநர் நல்ல களையான ஆள், குரலும் கணீரென்று இருந்தது. அவர் மேசையில் ஒரு கால் பொம்மை, பித்தளையில், ஏதோ விருதாம்.

"நீங்க ரெண்டு பேரும் செஞ்சது என்னன்னு தெரியுதா? நிலையத்தோட சொத்தை நிலையத்துக்குத் தெரியாம மாத்திக்கிட்டீங்க. ஏன்னு கேட்டா, நடக்க முடியலன்னு சொல்றீங்க. நடக்கறதுக்காக மட்டும் ஒரு காலைக் குடுக்கறதா இருந்தா இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு?" அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அட்ஜஸ்ட்னு ஒரு அருமையான வார்த்தை இருக்கு. என் அனுபவத்துல இருபத்தாறு விதமா அதைப் பயன்படுத்தியிருக்கேன். ஆள் குறைஞ்சா அட்ஜஸ்ட். தேதி தவறினா அட்ஜஸ்ட். தப்பு நடந்தா, அதை எழுதின விதத்துல அட்ஜஸ்ட். இந்த இருபத்தாறுல ஒண்ணுலகூட யாரும் ஸ்பேனர் எடுத்ததில்ல. முப்பத்திரண்டு வருஷமா பன்னெண்டாயிரம் பேர் அமைதியா நடக்கறாங்க. நாலு நாள் நீங்க ரெண்டு பேரும் நேரா நடந்து, அத்தனை பேர் மனசையும் கலைச்சிட்டீங்க."

"நேரா நடந்தது தப்பாங்கய்யா?" என்றார் மாமா. கிண்டல் இல்லை, அவருக்குக் கிண்டல் வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அனுமதி இல்லாம நடந்தது தப்பு."

அங்கேயே பாதங்களைக் கழற்றி மறுபடி மாற்றி மாட்டினார்கள். இனிமேல் யாரும் கை வைக்காதபடி போல்ட்டின் தலையை ராவி மழுங்க அடித்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது தபால்காரர் மாமாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பஸ் ஸ்டாப் இருக்கிற திசைக்குக் கொஞ்சம் தள்ளி நடந்து போனார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

ஆனால் இயக்குநர் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தார். "பதிவேட்டுல குறை இருக்குன்னு நெனச்சா, மறு அளவுக்கு விண்ணப்பம் போடுங்க. யார் வேணாம்னாங்க?" அதைப் பிடித்துக்கொண்டேன். எழுபத்திரண்டாம் நாள் விண்ணப்பம் போட்டோம், எழுபத்தைந்தாம் நாள் கூப்பிட்டார்கள். அதே அளவுக்காரர், அதே டேப். அவர் எதிரே வந்து நின்றதும் நான் மாமா காதில் சொன்னேன். மாமா அப்படியே சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார்.

அளவுக்காரர் மாமாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார். மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பெருமூச்சு விட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தன் முதுகைப் பார்த்து அளவு எடுப்பது இதுதான் முதல் தடவை என்று முனகினார். தன் இடது கைப்பக்கம் இருந்த மிச்சக் காலுக்கு டேப் வைத்தார். பதிவேட்டில் 'இடது' என்று எழுதினார். நான் எட்டிப்பார்த்து உறுதி பண்ணிக்கொண்டேன். அழகான கையெழுத்து.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் அலுவலகத்தையே சுவரைப் பார்த்து நின்று ஜெயித்துவிட்டோம் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். மாமா கடைக்காரரைப் போய்ப் பார்த்து, "இன்னும் பத்து நாள், ரெடியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர், "வாங்கண்ணே, சேர் அங்கதான் இருக்கு" என்றாராம்.

எண்பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. பழைய காலை எடுத்துக்கொண்டு நேரில் வரவேண்டும். புதுக் கால் கொடுக்கத்தான் பழையதைக் கேட்கிறார்கள் என்று அன்றைக்கே போனோம்.

அறை எண் ஒன்பதில் பிரிவுத் தலைவி எழுந்து நின்று மாமாவை வரவேற்றார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"உங்களுக்கு இப்படி ஆகும்னு நாங்க யாரும் நினைக்கலைங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பதிவேட்டைப் பாத்ததும் எனக்கு மனசே சரியில்ல. மொதல்ல வலது. இப்ப இடதும் போயிடுச்சு."

மாமா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மாமா பெயருக்கு நேரே, முதல் வரியில் வலது, இரண்டாம் வரியில் இடது.

"முதல்ல எழுதினது தப்பும்மா. அதை அடிச்சிட்டுத்தானே இதை எழுதணும்" என்றேன்.

"இந்த நிலையத்துப் பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கிடையாது. சேத்துத்தான் எழுதுவோம். ரெண்டு கால் இல்லாதவங்களுக்குக் கால் திட்டம் பொருந்தாது, சக்கர நாற்காலிதான். அதுக்கு வழக்கமா எட்டு மாசம் ஆகும். உங்க நிலைமையைப் பாத்து இயக்குநரே கையெழுத்துப் போட்டு, இன்னிக்கே குடுக்கச் சொல்லிட்டார்."

மாமா தன் வலது காலைத் தட்டிக் காட்டினார். முழங்காலில் தட்டினார், கெண்டைக்காலில் தட்டினார், செருப்பைக் கழற்றி ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டினார். "அப்ப இது என்னம்மா?"

அந்த அம்மாள் இந்தத் தடவை குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"அது உங்க சொந்தப் பொறுப்புல இருக்கிற கால். நிலையத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வெச்சுக்கங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். ஆனா அதை ஊனி நிக்கறதையோ நடக்கறதையோ சரிபார்ப்புக்கு வர்றவங்க பாத்தாங்கன்னா, பொய்த் தகவல் குடுத்துச் சலுகை வாங்கினதா ஆயிடும். நாற்காலியையும் எடுத்துக்குவாங்க, வழக்கும் வரும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன், நாக்கில் வந்ததையெல்லாம். எட்டு மேசைக்காரர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து மாமாவின் வாரை அவிழ்த்து, காலை எடுத்து, சாக்குப் பையில் போட்டு எண் கட்டிவிட்டார்கள். மாமா தடுக்கவில்லை. தடுக்க எழுந்து நிற்கவேண்டும், அது அவர்கள் கண்ணெதிரே முடியாது.

சக்கர நாற்காலி நல்ல நாற்காலிதான். புதுசு. அதில் தள்ளிக்கொண்டே நேராகச் சலூனுக்குப் போனேன். மாமாதான் போகச் சொன்னார், சொன்ன நாளுக்குள் வந்துவிட்டதாக இருக்கட்டும் என்று. இரண்டாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கடைக்காரர் வாக்குத் தவறவில்லை. மாமா சக்கரத்தை உருட்டிக்கொண்டு அதன் பின்னால் போய் நின்றார். நின்றார் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முதுகு அவர் முகத்துக்கு நேரே இருந்தது. கையை முழுக்க நீட்டினால் உட்காருகிறவர் கழுத்துவரை எட்டும். அவ்வளவுதான்.

முதல் நாற்காலிக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு ஒரு பையன் வர்றேன்னிருக்கான்ணே" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வரட்டும். நல்லாப் பண்றவனா?"

"பரவால்ல, பண்றான்."

"சேர் லேசா இடதுபக்கம் இழுக்கும். சொல்லிடுங்க" என்றார் மாமா. தன்னுடைய கத்தரிகளையும் சீப்புகளையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் இரண்டு படி. சக்கரம் ஏறாது. சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்து, சக்கர நாற்காலியையும் மாமா மடியில் இருந்த துண்டு மூட்டையையும் பார்த்தாள். தெருவில் அந்த நேரத்தில் எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. "வலது காலை ஊனி எந்திரிங்க மாமா, நான் தோளைப் பிடிச்சுக்கறேன், ரெண்டே படிதான்" என்றேன். மாமா காலைத் தரையில் வைத்தார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல எடுத்துப் பழையபடி மேலே வைத்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. யாராவது பாத்துடப் போறாங்க."

அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம். மாமா நல்ல கனம். நடுப்படியில் ஒரு தடவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கினோம்.